மெல்ல மெலிக

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பொறுமைக்கு அவரை விட்டால் ஆளில்லை. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் எதிரே வரும் லாரியை நோக்கி வண்டியை விடுகிறவனிடம்கூட, "பரவாயில்ல, பதறாதீங்க, வலது காலை எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்து பிரேக்கை மெதுவாக அழுத்துவார். வருஷக்கணக்காக உட்கார்ந்தே சம்பாதித்ததில் உடம்பு பெருத்துவிட்டது. சீட் பெல்ட் அவருடைய வயிற்றைச் சுற்றி வருவதற்குள் சிக்னல் மாறிவிடும். இப்படிப்பட்டவரைப் பொறுமையில்லாதவர் என்று ஓர் அரசாங்கத் துறையே கூடித் தீர்மானித்தது. துறை என்று ஒன்று இருந்தால் எதையும் தீர்மானிக்கும்.

மாஸ்டருக்கு உலகத்தில் இருந்தது ஓர் அக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள், கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். அப்பா அம்மா போன பிறகு கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் பேசாமல், அரைக்கால் சட்டையாகத் தைத்துத் தைத்தே தம்பியை ஆளாக்கியவள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் சில நாள் பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் உட்கார்ந்து, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்துகொண்டு வருவாள்.

"உங்க கிட்னி அக்காவுக்குப் பொருந்துது மாஸ்டர்" என்றார் அறுவை டாக்டர். "ஆனா இந்த உடம்புல கத்தி வெக்க முடியாது. பதினஞ்சு கிலோ குறைங்க. கீழ மெலிவுத் துறையில சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே தேதி குறிச்சிடலாம்."

"எவ்வளவு நாள் தாங்கும் டாக்டர்?"

"மத்தவங்களா இருந்தா வருஷக்கணக்குல தாங்கும். உங்க அக்காவுக்கு இதயமும் வீக்கா இருக்கு. சீக்கிரம் முடிச்சா நல்லது."

கீழ்த்தளத்துத் துறையில் சீக்கிரம் என்ற சொல்லுக்கே தடை என்று டாக்டருக்கும் தெரியவில்லை, மாஸ்டருக்கும் தெரியவில்லை.

மெலிவுத் துறை பிறந்த கதை சுருக்கமானது. முன்பொரு பெரிய அதிகாரி பட்டினி கிடந்து கிடுகிடுவென்று இளைத்தார். பாலம் ஒன்றைத் திறந்துவைக்கப் போனவர் ரிப்பனை வெட்ட இரண்டு கையையும் தூக்கியபோது கால்சட்டை கழன்று விழுந்தது. ரிப்பனும் விழுந்தது, மானமும் விழுந்தது. இனி இந்த நாட்டில் யாரும் அவசரப்பட்டு இளைக்கக் கூடாது என்று மறுநாளே ஆணை வந்தது. ஆணைக்கு ஒரு துறை, துறைக்கு ஓர் இயக்குநர், இயக்குநருக்கு மூன்று துணை இயக்குநர்கள், அவர்கள் எல்லோரும் உட்கார அகலமான நாற்காலிகள்.

வாசலுக்கு மேலே "மெல்ல மெலிக" என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். கூடத்தின் நடுவில் வெண்கலத்தில் ஒரு நத்தை. முதலில் அங்கே ஆமைதான் இருந்ததாம். ஆமை ஓர் அவசரக்குடுக்கை என்று துணை இயக்குநர் ஒருவர் ஆட்சேபித்ததால் மாற்றினார்களாம்.

துறையின் வாசற்படியே ஒரு தராசு. உள்ளே வருகிற எவரும் அதை மிதிக்காமல் வர முடியாது. மிதித்ததும் பக்கத்து அறையில் இருக்கும் எடை அதிகாரிக்கு எண் போய்ச் சேரும். நோயாளி, துணைக்கு வந்தவர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று வித்தியாசம் கிடையாது. யார் நோயாளி, யார் துணை என்று வாசலிலேயே பிரித்துப் பார்ப்பது அவசரத்தனம் என்பது துறையின் கொள்கை. எண்ணை நோயாளிக்குச் சொல்வதும் இல்லை. சொன்னால் ஆசை வரும், ஆசை வந்தால் அவசரம் வரும்.

முதல் நாள் இயக்குநர் புதியவர்களுக்கு உரையாற்றினார். அவர் எழுந்து நிற்கவே இரண்டு ஊழியர்கள் கை கொடுத்தார்கள்.

"இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது, எப்போ குறையும்னுதான். நான் இந்தத் துறையில சேந்தப்போ எழுபது கிலோ. இன்னைக்கு நூத்திப் பத்து. ஒரு நாளாவது நான் பதறி யாராவது பாத்திருக்கீங்களா? எடை வரும், போகும். நாற்காலிதான் நிலையானது. உடம்பைக் குறைக்கிறது எங்க வேலை இல்ல. குறையலன்னு கேக்குற வாயைக் குறைக்கிறதுதான் எங்க வேலை."

ஊழியர்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் கையைத் தூக்கி, "சார், என் அக்காவுக்குக் கொஞ்சம் சீக்கிரமா..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியுமுன்பே ஒரு குமாஸ்தா வந்து அவருடைய அட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். தடைசெய்யப்பட்ட சொல்லுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"பொறுமைக்கு ஜாமீன் யாரு?" என்று குமாஸ்தா கேட்டார். ஒவ்வொரு நோயாளியும் பொறுமையாக நடந்துகொள்வார் என்று சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எல்லா வகுப்புக்கும் அவரும் கூடவே வர வேண்டும்.

"எனக்கு இருக்குறது அக்கா மட்டும்தான் சார். அவங்களுக்காகத்தான் நான் இங்க வந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அவங்களே வரட்டும்."

அக்கா வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தராசைத் தாண்டி, குமாஸ்தாவின் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"நான் சாகுறதுக்குள்ள இவன் இளைக்கணும். அதுக்கு இவன் அவசரப்பட மாட்டான்னு நானே ஜாமீன் குடுக்கணும். அப்படித்தானே சார்?"

"கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா" என்று குமாஸ்தா மகிழ்ந்தார். "நிறைய பேருக்கு ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு."

பொறுமை வகுப்பு வாரத்தில் நான்கு நாள். பயிற்றுநர் அம்மாள் கொட்டாவியை அடக்கும் வழக்கம் இல்லாதவர். அன்றைய பாடம், கட்டைவிரல் நகம் வளர்வதைப் பார்ப்பது. கூடத்தில் எல்லோரும் கையை மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்காவது வளர்றது தெரியுதா?" என்று பயிற்றுநர் கேட்டார்.

பின்வரிசையில் இருந்த பருத்த தபால்காரர், நல்ல பெயர் வாங்கும் ஆசையில், "எனக்குத் தெரியுது மேடம்" என்றார். அவருக்கு இரண்டு சிவப்புப் புள்ளி விழுந்தது.

"எனக்கு வளரவே மாட்டேங்குது மேடம்" என்றாள் அக்கா. "நோய் வந்ததுல இருந்து நகம் வெட்டுற வேலையே இல்ல."

"அருமை! இந்த வகுப்புலேயே முன்னேறினவங்க நீங்கதாம்மா. எல்லாரும் இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க."

எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். மாஸ்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவருடைய விலாவில் முழங்கையால் இடித்து, "பாத்தியா, உனக்கு முன்னாடி நான் பாஸு" என்றாள்.

துறையின் கணக்குப்படி மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. பதினைந்து கிலோவுக்கு இது எங்கே போய் நிற்கும் என்று மாஸ்டர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். இருபது மாதம் என்று வந்தது. அன்றிலிருந்து அவர் திருட்டுத்தனமாக இளைக்கத் தொடங்கினார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். டீயில் சர்க்கரையை விட்டார். வண்டிக்குள் உட்காருவதையே விட்டுவிட்டு, ஜன்னலைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடிக்கொண்டே பாடம் நடத்தினார். பழகுகிறவர்கள் முதல் கியரைத் தாண்டாதவர்கள் என்பதால் அது நடந்தது. பக்கத்து பிரேக்கை அழுத்த ஆளில்லாததால் இரண்டு விளக்குக் கம்பங்கள் சாய்ந்தன. டிரைவிங் ஸ்கூல் முதலாளி திட்டித் தீர்த்தார். மாஸ்டருக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. அக்காவும் தன் பங்குக்கு அவருடைய பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இறங்குதுடா" என்றபோது அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

வாசற்படித் தராசுக்கு இந்தச் சந்தோஷமெல்லாம் தெரியாது. ஒருநாள் மாஸ்டர் அதை மிதித்ததும் மணி அடித்தது. கதவுகள் சாத்தப்பட்டன. மூன்று துணை இயக்குநர்களும் ஓடி வந்தார்கள். ஓடி என்பது தவறு, அவர்களால் முடிந்த அளவில் வந்தார்கள்.

விசாரணை அன்றே நடந்தது.

"அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு" என்றார் முதல் துணை இயக்குநர், திருட்டுச் சாமானைக் கண்டுபிடித்த குரலில். "எங்க போச்சு?"

"எங்க போச்சுன்னா... குறைஞ்சிடுச்சு சார்."

"யாரக் கேட்டுக் குறைஞ்சுது?"

"சார், அக்காவுக்கு நாள் ஆக ஆக முடியாமப் போயிட்டிருக்கு. என் கண்ணு முன்னாடியே போயிட்டிருக்காங்க சார்."

"நோய்க்கு அவசரம் இருக்கலாம்" என்றார் இரண்டாமவர் கனிவாக. "துறைக்கு இருக்கக் கூடாது. ஆளுக்காள் அவசரப்பட்டு இளைச்சுட்டுப் போனா நாங்க எதுக்கு? எங்க பிள்ளைங்க எங்க போகும்? அதையும் கொஞ்சம் யோசிங்க."

மூன்றாமவர் தீர்ப்புச் சொன்னார். முறையில்லாமல் குறைந்ததை முறைப்படி ஏற்ற வேண்டும். அதற்கென்று துறையில் ஈடுகட்டும் பிஸ்கட் இருந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, செங்கல் கனத்தில் சுட்டது. தினமும் ஓர் ஊழியர் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு தட்டு நிறையச் சாப்பிட வேண்டும். ஜாமீன்தாரர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

மாஸ்டர் முதல் பிஸ்கட்டை எடுத்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். எதிரே அக்கா, உப்பும் கூடாது, பழமும் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான் என்று சபிக்கப்பட்டவள், தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தின்னுடா" என்றாள். "தின்னு முடி. சின்ன வயசுல எனக்கும் சேத்துத் தின்னவன்தானே நீ. இப்போ என்ன?"

மாஸ்டர் அழுதுகொண்டே தின்றார். கண்ணீரில் பிஸ்கட் ஊறினால் எடை கூடும், அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று ஊழியர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

இப்படியே மாதங்கள் போயின. மாஸ்டர் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏற்றப்பட்டார். ஆண்டு அறிக்கைக்காக எடை அதிகாரி எல்லோருடைய வரைபடங்களையும் பிரித்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் அவருடைய கண்ணில் நீரை வரவழைத்தது. மேடில்லை, பள்ளமில்லை. மாதம் முக்கால் கிலோ, மாதம் முக்கால் கிலோ என்று நூல் பிடித்ததுபோல இறங்கிய கோடு. துறை தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு கோட்டை யாரும் பார்த்ததில்லை. அது அக்காவின் கோடு.

"அவங்க நோயாளி இல்ல, ஜாமீன்" என்று குமாஸ்தா நினைவூட்டினார்.

"எடை குறையுதா இல்லையா?" என்றார் இயக்குநர். "இத்தனை வருஷத்துல நம்ம முறையில குறைஞ்ச முதல் ஆள். அத நோயாளி இல்லன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அடுத்த வகுப்பில் அக்காவை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, உட்காரவே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பருத்தவர்கள் எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள்.

"உங்க ரகசியம் என்னம்மா?" என்று பயிற்றுநர் கேட்டார்.

"சாகப்போறேன் மேடம்."

"குறிக்கோள் தெளிவா இருக்கணும்னு சொல்றாங்க, கவனிங்க. அப்புறம்?"

"சாப்பாடு பிடிக்கல. ராத்திரி தூக்கம் இல்ல. படி ஏறினா நெஞ்சு அடைக்குது."

"ஆனா நீங்க ஒரு நாளும் அவசரப்படல, இல்லையா?"

"எனக்கு என்ன மேடம் அவசரம்" என்று அக்கா சிரித்தாள். "அது தானா வரும்."

வகுப்பு கைதட்டியது. தபால்காரர் எழுந்து, இந்த நோய் எங்கே கிடைக்கும் என்று கேட்க வாயெடுத்து, புள்ளிக்குப் பயந்து உட்கார்ந்தார். திரும்பி வரும்போது அக்கா தம்பியின் தோளில் சாய்ந்துகொண்டு, "ஆண்டு விழாவுல எனக்கு முதல் பரிசாம்டா. பள்ளிக்கூடத்துல நான் ஒரு ஆறுதல் பரிசுகூட வாங்கினதில்ல" என்றாள்.  இத்தனை நாள் கழித்து மாஸ்டருக்குக் கோபம் வந்தது.

அந்த வாரம் மாடியிலிருந்து அறுவை டாக்டர் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். மாஸ்டர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பற்றிய கவலையில் பிஸ்கட்டையெல்லாம் மீறி அவருடைய உடம்பு உருகிப்போயிருந்தது. டாக்டர் கேட்ட பதினைந்து கிலோ எப்போதோ குறைந்துவிட்டது.

"டாக்டர், நீங்க வெட்டுறவங்க. நாங்க செதுக்குறவங்க" என்றார் இயக்குநர் போனில். "இந்த மாசம் விட்டா அந்த அம்மா தாங்காதுன்னு சொல்றீங்க. சரி, அது உங்க துறை. இவர் எடை குறைஞ்சிருக்குன்னு சொல்றீங்க. அது வாஸ்தவம். ஆனா அது கவலையில குறைஞ்சது. கவலையில குறைஞ்சது எங்க கணக்குல சேராது. அத மறுபடி ஏத்தி, பொறுமையா இறக்கினாத்தான் சான்றிதழ்."

மாஸ்டர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினார். என்ன கத்தினார் என்பதை இங்கே எழுத முடியாது. லாரிக்கு நேரே வண்டியை விட்டவர்களிடமெல்லாம் சொல்லாமல் வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. கூடத்துக்கு ஓடி நத்தையை உதைத்தார். ஒரு கொம்பு ஒடிந்து உருண்டது.

உடனே அக்காவையும் கூப்பிட்டு நிறுத்தித் தண்டனையை அறிவித்தார்கள். மாஸ்டருக்கு இரட்டைப் பங்கு பிஸ்கட், உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஜாமீன் தவறியதற்காக அக்கா மறுநாள் காலையிலிருந்து மாலை வரை காத்திருப்புப் பயிற்சி நடக்கும் கூடத்தில் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். எழுந்தால் தம்பி முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். முடித்துவிட்டால் அவர் விஷயத்தைப் பரிசீலிப்பார்கள்.

"நாளைக்கு எனக்கு மேல டயாலிசிஸ் இருக்கே" என்றாள் அக்கா.

"அது மாடி" என்றார் குமாஸ்தா. "இது கீழ."

"போகலாம் வா அக்கா. இவங்களும் வேண்டாம், இவங்க சான்றிதழும் வேண்டாம்" என்று மாஸ்டர் கையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருடா. ஒரு நாள் உக்கார மாட்டேனா? வருஷம் பூரா மெஷின்ல உக்காந்தவ நான். நீ போய் அந்தக் கருமத்தைத் தின்னுட்டு வா. எனக்கு உன் கிட்னி வேணும், உன் கோபம் வேண்டாம்."

மறுநாள் அவள் நடு வரிசையின் ஓரத்தில், சுவரில் தலை சாய்க்க வசதியான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் நெளிந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். கண்காணிப்பாளர் புள்ளி வைத்துக்கொண்டே போனார். மத்தியானம் மாடியிலிருந்து நர்ஸ் வந்து அக்காவைத் தேடினார். பயிற்சியில் இருப்பவரைக் கலைக்கக் கூடாது என்று கண்காணிப்பாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அக்கா அசையவில்லை. இருமவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கூடம் மொத்தத்திலும் ஒரு புள்ளிகூட வாங்காதவர் இவர் ஒருவரே என்று கண்காணிப்பாளர் மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினார். பயிற்றுநர் மற்றவர்களை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்.

சாயங்காலம் வாயெல்லாம் பிஸ்கட் தூளாக மாஸ்டர் வந்து, "அக்கா, எந்திரி, முடிஞ்சுடுச்சு" என்று தோளைத் தொட்டார். தலை சுவரிலிருந்து நழுவி அவருடைய கைமேல் விழுந்தது. உடம்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றார் கண்காணிப்பாளர். "மத்தவங்க காத்துட்டிருக்காங்க."

ஆண்டு விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. முதல் பரிசை வாங்கிக்கொள்ள உறவினர் வர வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் வந்தார். ஏன் வந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அக்கா ஆசைப்பட்ட ஒரே பரிசு அது. திரையில் அவளுடைய கோடு சுவர் உயரத்துக்குத் தெரிந்தது.

"இந்த அம்மா ஒரு தடவைகூட எப்போன்னு கேட்டதில்ல" என்று இயக்குநர் தழுதழுத்த குரலில் சொன்னார். "எவ்வளவோ பேர் இங்க வர்றாங்க, பாதியில விட்டுட்டுப் போயிடுறாங்க. இவங்க கடைசி வரைக்கும் வந்தாங்க. மெல்ல மெல்ல, யாருக்கும் தொந்தரவு இல்லாம, முழுசா இளைச்சுக் காட்டினாங்க. இந்தத் துறைக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேற என்ன வேணும்?"

மண்டபம் அதிர்ந்தது. கேடயத்தை மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு இயக்குநர் அவருடைய தோளில் கை போட்டார்.

"இன்னொரு சந்தோஷமான செய்தி. மாஸ்டரோட சிவப்புப் புள்ளி எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டோம். நாளையில இருந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். மாசம் முக்கால் கிலோ. என்ன மாஸ்டர், இப்போ உங்களுக்கு ஏதாவது அவசரம் இருக்கா?"

மைக்கை அவருடைய வாய்க்கு நேரே நீட்டினார்கள். மாஸ்டர் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். அது கீழே போய் ஓர் இடத்தில் நின்றிருந்தது.

"இல்ல சார்" என்றார். "இனிமே எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களா? இந்த ஒரு வார்த்தைய இவர் வாயில இருந்து வரவெக்க எங்களுக்கு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.